பழைய பிரெஞ்சு ரெட் ஒயின்: பெயரைப் பார்க்கும் முன் பாட்டிலின் ஜாதகத்தைப் பாருங்கள்

ஏலப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன் பழைய பாட்டில்களைப் பரிசோதிப்பது என் வேலை. புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எந்தப் பெயரை வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பேன்: "வாங்கி எங்கே வைக்கப் போகிறீர்கள்?"

ஒயினுக்கு வேண்டியது இவை: 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் வெப்பம், 70 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதம், இருட்டு, அதிர்வில்லாத இடம். கார்க் காயாமலிருக்க பாட்டில் படுத்த நிலையில் இருக்க வேண்டும். வீட்டு அலமாரியில் இதெல்லாம் நடக்காது. ஒயினுக்கென்றே உள்ள கிடங்கில் வாடகைக்கு வையுங்கள், ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் விற்கும்போது அந்த ரசீதுகளும் பணம் பண்ணும். 2010-இல் ஹாங்காங் ஏலத்தில் லாஃபித் என்ற பிரெஞ்சு ஒயின் தோட்டத்தின் 1869-ஆம் வருட அறுவடைப் பாட்டில்கள் மூன்று, ஒவ்வொன்றும் சுமார் 2,30,000 அமெரிக்க டாலருக்குப் போயின. எதிர்பார்த்த விலையைவிடப் பல மடங்கு. அவை நேராக லாஃபித்தின் சொந்த நிலவறையிலிருந்து வந்தவை, நடுவில் யார் கையும் படவில்லை.

சரி, பெயருக்கு வருவோம். பிரான்சின் போர்தோ வட்டாரத்தில், ஒயின் தோட்டங்களை வகைப்படுத்திய 1855 தரவரிசையின் முதல் வரிசை: லாஃபித், லாத்தூர், மார்கோ, ஓ-ப்ரியோன், 1973-இல் மூத்தோன் ரோத்ஷீல்டும் சேர்ந்தது. அந்த வரிசைக்கு வெளியே, போர்தோவின் பொமெரோல் பகுதியில் பெத்ருஸ். 1982, 2000, 2005, 2009, 2010, 2016 நல்ல அறுவடை வருடங்கள். 2013 பக்கம் போக வேண்டாம். பர்கண்டி என்ற இன்னொரு பிரெஞ்சு வட்டாரம் வேறு உலகம். அங்குள்ள ரொமானே-கோன்ட்டி தோட்டமே 1.8 ஹெக்டேர்தான், வருடத்துக்குச் சில ஆயிரம் பாட்டில்கள்தான் வரும். ஆரம்பிக்கிறவர்களுக்கு போர்தோதான் என் சிபாரிசு: சரக்கு அதிகம், விலை விவரம் எளிதில் கிடைக்கும், திரும்ப விற்பதும் சுலபம். பன்னிரண்டு விதமாக ஒவ்வொன்று வாங்குவதைவிட, ஒரே ஒயினை ஆணி பிரிக்காத மூல மரப்பெட்டியோடு வாங்குங்கள்.

இனி பாட்டிலைக் கையில் எடுக்கும் விஷயம். நான் முதலில் லேபிளைப் பார்ப்பதில்லை. பாட்டிலை நிமிர்த்தி, கழுத்துக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்து, ஒயின் எதுவரை நிற்கிறது என்று பார்ப்பேன். போர்தோ பாட்டிலுக்குத் தோள் உண்டு. நாற்பது வயது ஒயின் தோளின் உச்சியில் நின்றால் கவலையில்லை, நடுத்தோளுக்கு இறங்கியிருந்தால் விலையும் இறங்கும். பர்கண்டி பாட்டில் சரிவானது, தோள் கிடையாது. அதனால் கார்க்கின் அடியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று அளப்போம். இளம் ஒயினில் மட்டம் குறைந்திருந்தால் சேமிப்பு சரியில்லை. அறுபது வருடப் பாட்டிலில் கழுத்துவரை நிறைந்திருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான்: கார்க் மாற்றி மேலே நிரப்பியிருக்க வேண்டும், இல்லையென்றால் போலி.

அப்புறம் மூடியுறை, அதாவது கார்க்கையும் கழுத்தையும் மூடியிருக்கும் உறை. கார்க் மேலே துருத்தி உறையைத் தள்ளியிருந்தால் பாட்டில் எங்கோ வெயில் தின்றிருக்கிறது. ஓரத்தில் பிசுபிசுப்பு இருந்தால் கசிவு. பழைய போர்தோவில் வண்டல் இருக்கத்தான் வேண்டும், மெதுவாகச் சாய்த்தால் தெரியும். லேபிளுக்குப் புற ஊதா விளக்கு: 1945 என்று போட்ட காகிதம் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால், அந்த வெளுப்பு ரசாயனம் அன்றைய காகிதத்தில் இருந்திருக்க வழியில்லை.

விளக்கைவிட வரலாறு நன்றாகக் காட்டிக்கொடுக்கும். ரொமானே-கோன்ட்டியில் 1945 அறுவடைக்குப் பின் பழைய கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள், 1952 வரை ஒயினே கிடையாது. ஆகவே 1949 என்று ஒன்று வந்தால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம். போலி ஒயின் விற்ற ருடி குர்னியாவான் சிக்கியதும் இப்படித்தான் தொடங்கியது. 2008-இல் நியூயார்க் ஏலத்துக்கு அவர் அனுப்பிய, பர்கண்டியின் போன்சோ குடும்பப் பெயரில் இருந்த க்ளோ சேன்-தெனி ஒயின் பாட்டில்களில் பல, அந்தக் குடும்பம் அந்த ஒயினைத் தயாரிக்கத் தொடங்கிய காலத்துக்கு முந்தைய வருடங்களைத் தாங்கியிருந்தன. அந்தக் குடும்பத்தின் லோரான் போன்சோ தானே கேட்டு விற்பனையை நிறுத்த வைத்தார். 2014-இல் குர்னியாவானுக்குப் பத்து வருடச் சிறை.

ஏலத்தில் கை தூக்கும் முன் கணக்குப் போடுங்கள். சுத்தியல் விழுந்த விலை 1,000 யூரோ, வாங்குபவர் கமிஷன் 25 சதவீதம் என்றால் கொடுக்க வேண்டியது 1,250. அதற்குமேல் வரி, அனுப்பும் செலவு. உச்ச விலையை முன்பே தாளில் எழுதி வைத்துக்கொண்டு அதோடு நிறுத்துங்கள்.

விற்பவராக இருந்தால் ஒரே இடத்தில் கேட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். பெட்டி, மூடியுறை, மட்டம், லேபிள் எல்லாவற்றையும் படமெடுத்து, வாங்கிய பில்லோடு இரண்டு மூன்று ஏல நிறுவனங்களுக்கு அனுப்புங்கள். விற்பவர் கமிஷனில் பேரம் பேசலாம், சரக்கு நல்லதாக இருந்தால் நன்றாகவே இறங்கி வருவார்கள். இதற்குக் கீழே விற்க மாட்டேன் என்ற குறைந்தபட்ச விலையை, ஏல நிறுவனம் தரும் மதிப்பீட்டின் கீழ் எண்ணுக்குச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ வையுங்கள். அதிகம் கேட்டால் பெட்டி விலைபோகாமல் திரும்பும், அந்தப் பதிவு அடுத்த முறை உங்களைத் துரத்தும். லேபிள் கிழிசல், கறை எதையும் மறைக்காதீர்கள், எப்படியும் நாங்கள் பார்த்துவிடுவோம். கோடையில் பாட்டிலை வண்டியேற்றாதீர்கள். குளிர் மாதங்களில் அனுப்புங்கள், இன்சூரன்ஸ் போட மறக்காதீர்கள்.