சான் பிரான்சிஸ்கோவில் வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறீர்களா? இன்சூரன்ஸைச் சரிபார்க்கும் முறை

சான் பிரான்சிஸ்கோவில் நீங்கள் குடியிருக்கும் வீட்டையோ அதில் ஓர் அறையையோ 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விட, நகர நிர்வாகத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும். கூடவே குறைந்தது 5 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடும் (அடுத்தவருக்கு நேரும் காயத்துக்கோ பொருள் சேதத்துக்கோ ஈடுகட்டும் இன்சூரன்ஸ்) வேண்டும். தனியாக எடுக்காவிட்டால், குறைந்தது அதே அளவு காப்பீடு தரும் ஆன்லைன் புக்கிங் தளத்தின் வழியாகவே எல்லா புக்கிங்கும் நடக்க வேண்டும். அப்படியொரு தளமான ஏர்பிஎன்பி தருவது 10 லட்சம் டாலர் என்பதால் விதி நிறைவேறிவிடும். ஆனால் போன வருஷம் வந்த குடும்பம் இந்த முறை உங்களுக்கே நேரடியாகப் பணம் அனுப்பித் தங்கினால், அந்தத் தங்கலுக்கு ஏர்பிஎன்பி காப்பீடு பொருந்தாது.

"வீட்டு இன்சூரன்ஸ்தான் இருக்கிறதே" என்று இருந்துவிடாதீர்கள். வழக்கமான வீட்டு பாலிசி தொழில் சார்ந்த இழப்பை விலக்கிவைக்கும். எப்போதோ ஒருமுறை விட்டால் காப்பீட்டு நிறுவனம் பொறுத்துக்கொள்ளலாம். மாதா மாதம் விட்டால் அது தொழில்தான். ஏஜென்டிடம் போனில் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள்: வருஷத்துக்கு எத்தனை இரவு, முழு வீடா அறையா, அப்போது நீங்கள் உள்ளே இருப்பீர்களா என்று எழுதுங்கள். இருக்கும் பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் இணைப்பு போதுமா, நாள் வாடகைக்கென்றே தனி பாலிசி வேண்டுமா என்பதற்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். மறைத்தது பிறகு தெரிந்தால் க்ளெய்மை மறுப்பார்கள். பாலிசியையே ரத்து செய்யவும் கூடும்.

பாலிசி கைக்கு வந்ததும், எதற்கெல்லாம் பணம் கிடைக்காது என்று சொல்லும் விலக்குகள் பக்கத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். ஹீட்டரிலிருந்து கசியும் கார்பன் மோனாக்சைடு சில பாலிசிகளில் 'மாசு' என்ற தலைப்பில் விலக்கப்பட்டிருக்கும். மூட்டைப்பூச்சி, நாய்க்கடி, சுடுநீர்த் தொட்டி, விருந்தினருக்குக் கொடுக்கும் சைக்கிள் ஆகியவற்றையும் தேடிப் பாருங்கள். பிறகு தொகை: ஒரு சம்பவத்துக்கான வரம்பு வேறு, வருஷ மொத்த வரம்பு வேறு.

விருந்தினர் உங்கள் டிவியை உடைத்தால் பொறுப்புக் காப்பீடு உதவாது. அது அடுத்தவர் காயத்துக்கும் அடுத்தவர் பொருளுக்கும்தான். உங்கள் பொருள் சேதத்துக்கு ஏர்பிஎன்பியில் தனிப் பாதுகாப்பு உண்டு. விருந்தினர் கிளம்பிய 14 நாளுக்குள் கேட்டுவிட வேண்டும்.

படிக்கட்டின் கைப்பிடி ஆடி யாராவது விழுந்தால், முதலில் வைத்தியம். திருகை இறுக்குவதற்கு முன் போட்டோ எடுங்கள், பிறகு காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். "என் தப்புதான், செலவை நான் தருகிறேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நிறுவனத்தைக் கேட்காமல் நீங்களாக ஒப்புக்கொண்ட பணத்தைப் பெரும்பாலான பாலிசிகள் திருப்பித் தராது.