முன்னால் போகிறவரின் கால் குமிழிகளைப் பிடியுங்கள்

கடலிலோ ஏரியிலோ நீந்தும்போது சீக்கிரம் களைத்துப் போகிறீர்களா? உங்களைவிடக் கொஞ்சம் வேகமான ஒருவருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளுங்கள். அவர் தண்ணீரைப் பிளந்து போகும்போது பின்னால் உள்ள நீரும் கொஞ்சம் கூடவே இழுபடும். அதற்குள் நீந்தினால் எதிர்ப்பு குறையும். அதே வேகத்துக்குக் குறைந்த உழைப்பு போதும்.

இடைவெளிதான் முக்கியம். உங்கள் விரல் நுனிக்கும் அவர் கால்விரலுக்கும் நடுவே அரை மீட்டருக்குள் இருந்தால் நல்ல பலன். அதற்காக அடிக்கடி தலையைத் தூக்கிப் பார்க்காதீர்கள், இடுப்பு இறங்கிவிடும். நீருக்கடியில் அவர் உதைக்கும் குமிழிகளைப் பாருங்கள்: முகத்துக்கு நேராக வெள்ளையாக வந்தால் சரி, ஒரு பக்கமாக ஒதுங்கினால் நீங்கள் விலகிவிட்டீர்கள். தெரியாமல் ஒருமுறை காலில் கை பட்டால் பரவாயில்லை. தட்டிக்கொண்டே இருந்தால் ஆள் கடுப்பாகிவிடுவார், உதையும் விழலாம். அப்புறம், அவர் இடுப்புக்குப் பக்கத்தில் உங்கள் தலை வரும்படி நீந்தினாலும் ஓரளவு பலன் உண்டு.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லான் போட்டியின் நீச்சல் பகுதியில் இதற்குத் தடை இல்லை. ஆனால் முன்னால் போகிறவர் திசை மாறினால் நீங்களும் கூடவே போவீர்கள். அவ்வப்போது பாதையைக் காட்டும் மிதவையை நீங்களே ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.