மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு: பொடியாக உதிராமல் அடிப்பது எப்படி?

எங்கள் வீடு பொதட்டூர்பேட்டையில். பக்கத்தில் திருத்தணி, ஆந்திர எல்லை தாண்டினால் நகரி. கத்திரி பிறக்கும் முன்பே 40 டிகிரியைப் பார்த்துவிடுகிற ஊர்கள். கூடத்தில் தறி இருப்பதால் ஃபேனை வேகமாக வைக்க முடியாது, நூல் காய்ந்து அறும். ராத்திரி பத்து மணிக்கும் தளம் அனலை இறக்கிக்கொண்டே இருக்கும். பகலெல்லாம் கான்கிரீட் குடித்த வெயில் அது. அதனால் வெயிலை மேலேயே திருப்பி அனுப்பிவிடலாம் என்று சுண்ணாம்பில் இறங்கினேன்.

சுண்ணாம்பு தாளிப்பது. 600 சதுர அடிக்கு எனக்கு 20 கிலோ கல் சுண்ணாம்பு ஆனது. நகரிப் பக்கம் 'சுன்னம்' என்று கேளுங்கள். பாக்கெட் தூளை விட எனக்குக் கல்தான் பிடிக்கும், பிடிப்பு நன்றாக இருக்கிறது. இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர், அப்புறம் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கல் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி இளகும், அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரிக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், பிள்ளைகள் கிட்டே வரக்கூடாது. கண்ணில் பட்டால் உடனே நிறைய தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே டாக்டரிடம் ஓட வேண்டும். ஒரு நாள் முழுக்க ஊறட்டும். பிறகு கிலோவுக்கு 5 லிட்டர் கணக்கில் தண்ணீர் சேர்த்து, பழைய வேட்டியில் வடிகட்டி, மொத்தத்துக்கும் ஒரு கிலோ ஃபெவிகால் கலக்குங்கள்.

தளத்தை நனைப்பது. போன வருஷம் நான் கோட்டை விட்டது இங்கேதான். பாசியைச் சுரண்டி, பெருக்கி, காலை பதினொரு மணிக்குக் காய்ந்த தளத்தில் அடித்தேன். பிரஷ் போன இடமெல்லாம் 'சுர்' என்று உறிஞ்சி அரை நிமிஷத்தில் வெளுத்தது. வேலை சீக்கிரம் முடிகிறது என்று சந்தோஷப்பட்டேன். நாலாம் நாள் வடகம் காயவைக்க அம்மா மேலே போய்வந்தபோது, படிக்கட்டு முழுக்க வெள்ளைக் கால்தடம். அத்தனையும் மாவாக உதிர்ந்திருந்தது.

சுண்ணாம்பு பெயின்ட் மாதிரி காய்ந்து ஒட்டுவதில்லை. காற்றில் இருக்கும் கரியமில வாயுவை மெல்ல இழுத்துத் திரும்பக் கல்லாகிறது. அதற்கு ஈரம் வேண்டும். வெயிலில் ஈரம் ஓடிவிட்டால் கல்லாகாமல் தூளாகவே நின்றுவிடும்.

இந்த வருஷம் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தளத்தில் தண்ணீர் விட்டேன். சூடான தளம் குடித்துக்கொண்டே இருக்கும், மூன்று தடவையாவது விடுங்கள். தண்ணீர் தேங்காமல், கை வைத்தால் சில்லென்று இருக்கிற பதத்தில் ஆரம்பிக்கலாம்.

அடிப்பது. ரோலர் வேண்டாம், கரகரத் தளத்தில் பள்ளங்களை விட்டுவிடும். நார் மட்டைதான் சரி. மோர் பதத்தில் மெல்லிசாக ஒரு பூச்சு, மறுநாள் சாயங்காலம் தளத்தை லேசாக நனைத்துவிட்டு குறுக்கே இரண்டாவது. அடித்த பின்னும் மூன்று நாள் காலையும் மாலையும் பூவாளியால் தெளியுங்கள். இதை விட்டால் மேலே செய்ததெல்லாம் வீண்.

மதியம் 2 மணிக்குக் கூடத்தில் 38 காட்டிய தெர்மாமீட்டர் இப்போது 35 காட்டுகிறது. ராத்திரி வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது, அம்மா திண்ணையை விட்டு உள்ளே வந்து படுக்கிறார்.

பிறகு சேர்த்தது: மழைநீர் பிடிக்கிற மாடிக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் என்ன செய்வது என்று, படித்துவிட்டு இரண்டு பேர் கேட்டார்கள். மழைநீரைத் தொட்டியில் பிடிப்பவர்கள் முதல் இரண்டு மழைக்குக் குழாயைக் கழற்றி வெளியே விடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் மேலே ஏறவே கூடாது, உடைந்து விழுவீர்கள். அதைச் சுரண்டவும் தேய்க்கவும் வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஏணியில் நின்று, நீள மூங்கிலில் மட்டையைக் கட்டி எட்டுகிற வரைக்கும் அடித்தால் போதும்.