ஜிராவில் குவிந்த காமெண்ட்களை ஏபிஐ வழியே அழிப்பது

ஜிரா என்பது வேலைகளையும் புகார்களையும் டிக்கெட்டுகளாகப் பதிந்து நடத்தும் மென்பொருள். ஏபிஐ என்பது ஸ்கிரிப்ட் மூலம் அதற்கு நேரடியாகக் கட்டளை அனுப்பும் வழி. பெங்களூருவின் எலக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் சப்போர்ட் வேலை பார்க்கும் டீம்களுக்கு, டிக்கெட்டில் குவிந்த காமெண்ட்களை அழிக்கும் தேவை பெரும்பாலும் இரண்டு வழியில் வரும். சர்வர்களைக் கண்காணிக்கும் தானியங்கி நிரல் (மானிட்டரிங் பாட்) ஒன்று ஒரே எச்சரிக்கையை ஒரே டிக்கெட்டில் முந்நூறு தடவை எழுதித் தள்ளியிருக்கும். இல்லையென்றால் யாராவது அவசரத்தில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை காமெண்ட்டில் ஒட்டியிருப்பார்கள். இரண்டாவது வகை என்றால் முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், காமெண்ட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். டிக்கெட்டை வாட்ச் செய்கிறவர்களின் மெயிலுக்கு அது ஏற்கெனவே போயிருக்கும். போன மெயிலை எந்த ஏபிஐயாலும் திரும்ப வாங்க முடியாது.

கீழே உள்ளது ஜிரா கிளவுடுக்கான (ஜிராவைச் செய்யும் அட்லாசியன் நிறுவனமே இணையத்தில் நடத்தும் வடிவம்) முறை.

யாருடைய டோக்கன்?

அட்லாசியன் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில் ஏபிஐ டோக்கன் (ஸ்கிரிப்ட்டுக்குப் பாஸ்வேர்ட் போலப் பயன்படும் நீண்ட சாவி) எடுக்கலாம். மெயில் ஐடி, முக்காற்புள்ளி, டோக்கன் மூன்றையும் இடைவெளி இல்லாமல் சேர்த்து பேஸ்64 என்ற எழுத்து வடிவத்துக்கு மாற்றி, ரிக்வெஸ்ட்டோடு ‘நான் யார்’ என்று சொல்லிப் போகும் பேசிக் ஆத் ஹெடரில் அனுப்ப வேண்டும். டெர்மினலில் எக்கோ கொடுத்து பேஸ்64 ஆக்குகிறவர்கள் வழக்கமாக மாட்டுவது இங்கேதான். எக்கோ கடைசியில் ஒரு புதுவரியைச் சேர்த்துவிடும், அதுவும் டோக்கனோடு சேர்ந்து 401 (அடையாளம் செல்லாது என்ற பதில்) வரும். புதுவரி வேண்டாம் என்கிற ‘-என்’ ஆப்ஷனைப் போட்டால் சரியாகிவிடும். போன வருடம் ஓடிய ஸ்கிரிப்ட் இன்று 401 தருகிறதா? டோக்கன் காலாவதியாகியிருக்கலாம். 2024 டிசம்பர் 15 முதல் எடுக்கும் டோக்கன்களுக்கு அதிகபட்ச ஆயுள் ஒரு வருடம்தான்.

டோக்கன் யாருடையதோ அவருக்குள்ள உரிமைதான் ஸ்கிரிப்ட்டுக்கும். ப்ராஜெக்ட்டின் பெர்மிஷன் ஸ்கீமில் ‘எல்லா காமெண்ட்டையும் நீக்கலாம்’, ‘தன் காமெண்ட்டை மட்டும் நீக்கலாம்’ என்று இரண்டு தனித்தனி உரிமைகள் உண்டு. அட்மின் டோக்கனை வாங்கி ஓட்டுவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். அது வேண்டாம். பாட் எழுதியதை அழிக்க பாட்டின் டோக்கனையே எடுத்து, அதற்கு இரண்டாவது உரிமையை மட்டும் கொடுங்கள். ஃபில்டரில் தப்பு நடந்தாலும் மனிதர்கள் எழுதியதில் அது கைவைக்க முடியாது.

முதலில் பட்டியல், பிறகுதான் அழிப்பு

முகவரி இப்படி இருக்கும் (நிஜத்தில் எல்லாம் ஆங்கில எழுத்து, பிஎல்ஆர்-142 என்பது டிக்கெட் எண்): உங்கள் சைட்டின் பெயருக்குப் பின் /ரெஸ்ட்/ஏபிஐ/3/இஷ்யூ/பிஎல்ஆர்-142/காமெண்ட். இதற்கு கெட் ரிக்வெஸ்ட் அனுப்பினால் காமெண்ட்கள் பக்கம் பக்கமாக வரும். எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை ‘ஸ்டார்ட்அட்’டும், ஒரு பக்கத்தில் எத்தனை என்பதை ‘மேக்ஸ்ரிசல்ட்ஸ்’உம் தீர்மானிக்கும்.

ஒரு பக்கத்தை எடுத்து அழித்து, அடுத்த பக்கத்தை எடுத்து அழிப்பது என்று லூப் எழுதாதீர்கள். 300 காமெண்ட், பக்கத்துக்கு 50 என்று வையுங்கள். முதல் 50 போனதும் 51ஆவது காமெண்ட் முதலிடத்துக்கு வந்துவிடும். நீங்களோ 50 தள்ளித் தொடங்குவீர்கள், நடுவில் 50 தப்பிவிடும். கடைசியில் ஸ்கிரிப்ட் எந்த எரரும் காட்டாமல் முடிந்திருக்கும், டிக்கெட்டில் 150 காமெண்ட் அப்படியே நிற்கும். அதனால் எல்லாப் பக்கத்தையும் எடுத்து முழு ஜேசனையும் (ஏபிஐ பதில் தரும் வடிவம்) ஒரு ஃபைலில் போட்டுவிட்டு, அதிலிருந்து காமெண்ட் எண்களைப் பொறுக்குங்கள். அந்த ஃபைல்தான் பேக்கப்பும். ஜிராவில் காமெண்ட்டுக்குக் குப்பைத்தொட்டி கிடையாது. ஃபைலிலிருந்து திரும்ப ஏற்றினாலும் உங்கள் பெயரும் இன்றைய தேதியும்தான் விழும். பாஸ்வேர்ட் சம்பந்தப்பட்டது என்றால் வேலை முடிந்ததும் இந்த ஃபைலையும் அழித்துவிடுங்கள்.

எழுதியவரைப் பெயரை வைத்துத் தேடாமல் அக்கவுன்ட் ஐடியை வைத்துத் தேடுங்கள், பெயர் மாறும். நேரத்தை வைத்துப் பிரிப்பதானால் அதன் வாலில் உள்ள +0530 அல்லது +0000ஐக் கவனியுங்கள். காலை 10 மணிக்குப் பிறகு என்று பெங்களூரு நேரத்தை மனதில் வைத்து யுடிசியோடு (உலகப் பொது நேரம்) ஒப்பிட்டால் ஐந்தரை மணி நேரம் பிசகும்.

வாசகத்தை வைத்துத் தேடுவதில்தான் சிக்கல் அதிகம். மூன்றாம் பதிப்பு ஏபிஐயில் காமெண்ட் வெறும் எழுத்தாக வராது. பத்தி, வரி, தடித்த எழுத்து என்று கிளை கிளையாகப் பிரிந்த ஆவணமாக வரும். தேடுவதற்கு மட்டும் முகவரியில் 3க்குப் பதில் 2 போட்டால் சாதாரண வாசகமாகவே கிடைக்கும். தமிழ் காமெண்ட் என்றால் இன்னொரு கண்ணி இருக்கிறது. ‘கொ’வில் உள்ள குறியீடு யூனிகோடில் ஒரே எழுத்தாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, ஸ்கிரிப்ட்டுக்கு வேறு வேறு. ஒப்பிடும் முன் இருபக்கத்தையும் என்எஃப்சி (பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும்) வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் அழித்துப் பாருங்கள்

முன்பு சொன்ன முகவரியின் கடைசியில் காமெண்ட் எண்ணைச் சேர்த்து (/காமெண்ட்/10873) டெலீட் ரிக்வெஸ்ட் அனுப்புங்கள். பாடி எதுவும் வேண்டாம். 204 வந்தால் போய்விட்டது. பதிலில் ஒரு வரிகூட இருக்காது. அதை ஜேசனாகப் படிக்க முயன்று கிராஷ் ஆகும் ஸ்கிரிப்ட்கள் ஏராளம். 404 வந்தால் காமெண்ட் ஏற்கெனவே போயிருக்கலாம், அல்லது அந்த டிக்கெட்டைப் பார்க்கவே டோக்கனுக்கு உரிமை இல்லாமல் இருக்கலாம். 429 (ரிக்வெஸ்ட்கள் அளவுக்கு மீறிவிட்டன) வந்தால் ‘ரிட்ரை-ஆஃப்டர்’ ஹெடரில் உள்ள விநாடி வரை நிறுத்திவிட்டுத் தொடருங்கள். இணையாகப் பத்து ரிக்வெஸ்ட் விடாமல் ஒவ்வொன்றாக விட்டால் இந்தத் தொல்லை குறையும்.

ஒன்றை அழித்ததும் பிரவுசரில் டிக்கெட்டைத் திறந்து ஹிஸ்டரி டேபைப் பாருங்கள், வாசகம் அங்கே தங்கியிருக்கிறதா என்று. காமெண்ட்டில் ஸ்கிரீன்ஷாட் இருந்திருந்தால் அது டிக்கெட்டின் அட்டாச்மென்ட்டாகத்தான் சேர்ந்திருக்கும், காமெண்ட்டோடு போகாது. அதைத் தனியாக அட்டாச்மென்ட் எண்ணைக் கொண்டு நீக்க வேண்டும். இரண்டும் சரி என்றால் மிச்சத்தை ஓட்டி, முடிந்ததும் மறுபடி கெட் போட்டு எண்ணிப் பாருங்கள்.

வேறு மென்பொருள் என்றால்

ஆசனாவில் காமெண்ட் என்பது ‘ஸ்டோரி’. எழுதியவர் மட்டுமே அதை நீக்க முடியும், அதனால் அட்மின் டோக்கன் அங்கே உதவாது. ட்ரெல்லோவில் காமெண்ட் ஒரு ‘ஆக்‌ஷன்’. கார்டு எண்ணும் ஆக்‌ஷன் எண்ணும் தேவை. கிட்லேபில் அதன் பெயர் ‘நோட்’. முகவரியில் ப்ராஜெக்ட்டுக்குள் தெரியும் சின்ன இஷ்யூ எண்ணைத்தான் போட வேண்டும், உள்ளே இருக்கும் நீண்ட ஐடியைப் போட்டால் 404. ஜோஹோ ப்ராஜெக்ட்ஸில் அக்சஸ் டோக்கன் ஒரு மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். கணக்கு இந்திய டேட்டா சென்டரில் இருந்தால் டோக்கன் வாங்குவதிலிருந்து டெலீட் வரை எல்லா முகவரியும் டாட் இன் என்றே முடிய வேண்டும். டாட் காம் என்று போட்டால் டோக்கன் செல்லாது என்றே பதில் வரும்.