டெக்சஸில் மின் இணைப்பு எடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு மின்சாரம் என்றால் ஈ.பி. ஒன்றுதான். புது இணைப்புக்கு மனு வாங்குவதும், மீட்டர் கணக்கெடுப்பதும், கட்டணம் வசூலிப்பதும், மழையில் கம்பி அறுந்தால் ஆள் அனுப்புவதும் அங்கே ஒரே வாரியத்தின் வேலை. அந்தப் பழக்கத்தோடு டாலஸ், ஹூஸ்டன் வட்டாரங்களில் குடியேறுகிறவர்களிடம், வீட்டுச் சாவி கைக்கு வருவதற்கு முன்பே, எந்தக் கம்பெனியில் கரண்ட் எடுத்திருக்கிறீர்கள் என்று அடுக்குமாடி அலுவலகத்தில் கேட்கிறார்கள். டெக்சஸின் பெரும்பகுதியில் ஒரு வீட்டுக்கு மின்சாரம் வர இரண்டு நிறுவனங்கள் வேண்டும். கம்பி ஒன்றினுடையது, பில் மற்றொன்றினுடையது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதிலிருந்தே பணத்தையும் நேரத்தையும் விழுங்கும் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

டெக்சஸ் சட்டமன்றம் 1999-இல் நிறைவேற்றிய ஏழாம் எண் செனட் மசோதாவின்படி, 2002 ஜனவரி 1 முதல் மின் உற்பத்தி, மின் விநியோகம், சில்லறை விற்பனை ஆகியவை தனித்தனியே பிரிக்கப்பட்டன. இவற்றில் உற்பத்தியும் விற்பனையும் போட்டிக்குத் திறந்துவிடப்பட்டன. ஒரே தெருவில் இரண்டு வரிசைக் கம்பங்களை நடுவதில் பொருளில்லை என்பதால் கம்பம், கம்பி, மின்மாற்றி, மீட்டர் ஆகியவை மட்டும் அந்தந்தப் பகுதிக்கு ஒரே நிறுவனத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டன. டாலஸ், ஃபோர்ட் வொர்த் வட்டாரத்தில் அது ஆன்கார், ஹூஸ்டனில் சென்டர்பாயிண்ட், கார்ப்பஸ் கிறிஸ்டியிலும் அபிலீனிலும் ஏ.இ.பி. டெக்சஸ். இவற்றை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. இவை வாங்கும் கட்டணத்தை மாநிலப் பொதுப்பயன்பாட்டு ஆணையம் நிர்ணயிக்கிறது. நாம் தேர்ந்தெடுப்பது விற்பனையாளரை மட்டுமே. டி.எக்ஸ்.யு. எனர்ஜி, ரிலையன்ட், ஜெக்ஸா போன்ற விற்பனையாளர்கள் மொத்தச் சந்தையில் மின்சாரத்தை வாங்கி, ஒரு விலை வைத்து, நமக்கு பில் அனுப்புகிறார்கள். தெருவில் நிற்கும் ஒரு கம்பம்கூட அவர்களுடையதல்ல.

குழப்பத்துக்கு வரலாறும் ஒரு காரணம். டி.எக்ஸ்.யு. எனர்ஜியும் இன்றைய ஆன்காரும் ஒருகாலத்தில் ஒரே குழுமத்தின் பகுதிகள். ஹூஸ்டனில் ரிலையன்ட்டும் சென்டர்பாயிண்ட்டும் அப்படியே. அதனால் அந்த ஊர்களில் நெடுங்காலமாக வாழ்பவர்களில் சிலர், பழைய பெயரைத் தாங்கிய நிறுவனமே ‘உண்மையான’ மின் நிறுவனம் என்றும், மற்றவை நம்பத்தகாத இடைத்தரகர்கள் என்றும் இன்றளவும் சொல்வதுண்டு. அதை நம்பி, பழைய பெயர் என்பதற்காகவே கூடுதல் விலை கொடுப்பது தேவையற்றது. எந்த விற்பனையாளரிடம் வாங்கினாலும் அதே கம்பி, அதே மின்மாற்றி, அதே மின்சாரம்தான்.

இதன் மறுபக்கமாக, அடிக்கடி மின்தடை ஏற்படுகிறதென்று விற்பனையாளரை மாற்றுவதும் வீண்வேலையே. 2024 ஜூலை 8 அன்று பெரில் புயல் ஹூஸ்டனைத் தாக்கியபோது சென்டர்பாயிண்ட்டின் பகுதியில் 20 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகள் இருளில் மூழ்கின. பல வீடுகளுக்குக் கடும் வெயிலில் பல நாள்கள் மின்சாரம் திரும்பவில்லை. எந்த விற்பனையாளரின் வாடிக்கையாளர் என்பதைப் பார்த்து எவருக்கும் முன்கூட்டியே இணைப்பு கிடைத்துவிடவில்லை. கம்பி அறுந்தாலோ, மின்மாற்றி வெடித்தாலோ, மீட்டர் பழுதானாலோ பில்லில் பெரிய எழுத்தில் இருக்கும் நிறுவனத்தை அழைக்காமல், அதே பில்லில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் விநியோக நிறுவனத்தின் எண்ணை அழைக்க வேண்டும். அந்த எண்ணை முன்கூட்டியே கைப்பேசியில் சேமித்து வைப்பது நல்லது. விளக்கு அணைந்த பிறகு பில்லைத் தேடுவது எளிதல்ல.

விற்பனையாளர் திவாலானால் வீட்டில் மின்சாரம் நின்றுவிடும் என்ற அச்சமும் இதே குழப்பத்தின் பிள்ளைதான். அப்படி நேர்ந்தால், கடைசிப் புகலிட விற்பனையாளர் என ஆணையம் முன்னரே குறித்துவைத்திருக்கும் நிறுவனத்துக்கு அந்த இணைப்பு மாற்றப்படும், விளக்கு அணையாது. ஆனால் அங்கே விலை பெரும்பாலும் அதிகம் என்பதால், அறிவிப்பு வந்ததும் வேறொரு திட்டத்துக்கு மாறிவிட வேண்டும்.

மாநிலம் முழுவதும் இந்தத் தெரிவு உண்டு என்று எண்ணிக்கொள்வது அடுத்த தவறு. ஆஸ்டின் நகரில் ஆஸ்டின் எனர்ஜி, சான் அன்டோனியோவில் சி.பி.எஸ். எனர்ஜி, டென்டனிலும் கார்லண்டிலும் நகராட்சியின் சொந்த மின் நிறுவனம் என்று, கம்பியும் பில்லும் ஒரே கையில் இருக்கும் ஊர்கள் பல. கூட்டுறவு மின் சங்கங்களின் பகுதிகளிலும் அப்படித்தான். எல் பாசோ, மாநிலத்தின் பெரும்பகுதியை இணைக்கும் எர்காட் மின்தொகுப்பிலேயே இல்லை, அங்கேயும் தெரிவு கிடையாது. லப்பக் நகரமோ நெடுங்காலம் நகராட்சி மின்சாரத்தில் இருந்துவிட்டு, 2024-இல்தான் போட்டிச் சந்தைக்குள் வந்தது. டாலஸை அடுத்து, நம்மவர்கள் அதிகம் வீடு வாங்கும் ஃபிரிஸ்கோவில் சில குடியிருப்புகளுக்கு ஆன்கார் கம்பியும் சிலவற்றுக்குக் கோசர்வ் கூட்டுறவின் கம்பியும் வருகின்றன. முன்னதில் திட்டம் தேர்ந்தெடுக்கலாம், பின்னதில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆகவே நண்பர் சொன்ன மலிவுத் திட்டத்தை மனத்தில் வைத்து வீட்டுச்செலவைக் கணக்கிடுவதற்கு முன், அந்த முகவரிக்குக் கம்பி யாருடையது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம்விட அதிகப் பணத்தை இழக்கவைக்கும் தவறு, விளம்பர விலையைப் பார்த்துத் திட்டத்தை எடுப்பது. திட்டங்களை ஒப்பிட ஆணையமே ‘பவர் டு சூஸ்’ என்ற இணையதளத்தை நடத்துகிறது. முகவரியின் அஞ்சல் எண்ணை இட்டால் பெரும்பட்டியல் ஒன்று வரும், அதில் முதலில் தென்படுவது 1000 யூனிட்டுக்கான சராசரி விலை. அந்த ஓர் எண்ணை மட்டும் மலிவாகக் காட்டுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட திட்டங்கள் அங்கே உலவுகின்றன. யூனிட்டுக்கு 15 சென்ட் விலை, அதன்மேல் 5 சென்ட் விநியோகக் கட்டணம், மாதம் 1000 யூனிட்டைத் தொட்டால் 100 டாலர் கழிவு என்றொரு திட்டம் இருப்பதாகக் கொள்வோம். சரியாக 1000 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு 200 டாலரில் 100 கழிந்து, யூனிட் 10 சென்ட்டுக்கு வந்து நிற்கிறது; பட்டியலில் அந்தத் திட்டம் முதல் பக்கத்தில் இடம்பிடிக்கிறது. ஆனால் 990 யூனிட் செலவழித்த மாதத்தில் கழிவு கிடையாது. பில் 198 டாலர். பத்து யூனிட் மிச்சப்படுத்தியவர் ஏறத்தாழ இரண்டு மடங்கு கட்டுகிறார். கோடையில் 2000 யூனிட் போனால் 400 டாலரில் 100 போக, யூனிட் 15 சென்ட்.

தமிழ்நாட்டின் படிநிலைக் கட்டணத்தில் யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். தொடக்கத்தில் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசமாக இருப்பதால், குறைத்துச் செலவழிப்பவருக்கு அங்கே என்றும் ஆதாயம். அந்தப் பழக்கத்தில் டெக்சஸிலும் விளக்கை அணைத்து, குளிர்சாதனத்தைக் குறைத்துச் சிக்கனமாக இருக்கும் சிறு குடும்பம், இத்தகைய கழிவுத் திட்டத்தில் சிக்கினால் சிக்கனத்துக்கே தண்டம் கட்டுகிறது. இரண்டு அறை அடுக்குமாடி வீட்டில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் 1000 யூனிட்டை எட்டுவது அரிது என்பதையும், டெக்சஸ் கோடையில் தனிவீடு 2000 யூனிட்டை எளிதாகத் தாண்டும் என்பதையும் நினைவில் கொண்டால், கழிவு எல்லைக்குள் ஆண்டு முழுவதும் நிற்கும் வீடுகள் சிலவே என்பது விளங்கும்.

இதற்கு மருந்து, ஒவ்வொரு திட்டத்தோடும் கட்டாயமாகத் தரப்பட வேண்டிய மின்விவரச் சீட்டு (ஆங்கிலத்தில் ‘எலெக்ட்ரிசிட்டி ஃபேக்ட்ஸ் லேபிள்’). 500, 1000, 2000 யூனிட் என்ற மூன்று அளவுகளுக்கும் சராசரி விலை அதில் இருக்கும். மூன்று எண்களும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் திட்டம் நேர்மையானது என்று பெரும்பாலும் கொள்ளலாம். நடுவில் உள்ளது மட்டும் பள்ளத்தில் கிடந்தால் எங்கோ ஒரு கழிவு ஒளிந்திருக்கிறது. அதே சீட்டில் அடிப்படைக் கட்டணம், ஒப்பந்தக் காலம், இடையில் முறித்தால் கட்ட வேண்டிய தொகை ஆகியவையும் உண்டு. பழைய பில்களிலிருந்தோ ‘ஸ்மார்ட் மீட்டர் டெக்சஸ்’ தளத்திலிருந்தோ சென்ற ஆண்டின் பன்னிரண்டு மாத அளவுகளை எடுத்து, அந்தச் சீட்டின் விலையில் போட்டுப் பார்ப்பது அரைமணி நேர வேலை. இரவில் இலவசம், வாரயிறுதியில் இலவசம் என்ற திட்டங்களையும் இப்படியே சோதிக்கலாம். இலவசமாகக் கொடுத்ததை மற்ற நேரத்து விலையில் எடுத்துக்கொள்வதுதான் அவற்றின் அமைப்பு. பகலில் வீடு பூட்டிக் கிடப்பவர்களுக்கு அவை பொருந்தலாம், வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்குப் பொருந்துவது கடினம்.

நிலையான விலைத் திட்டம் என்றால் பில்லில் எதுவும் மாறாது என்று எண்ணிவிடவும் கூடாது. விற்பனையாளரின் விலை நிலையாக இருந்தாலும், அவர் வசூலித்து அப்படியே விநியோக நிறுவனத்துக்குச் செலுத்தும் கட்டணம் ஆணையத்தின் அனுமதியோடு ஆண்டின் நடுவிலும் மாறக்கூடும். அதைக் கண்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபித்து வேறு நிறுவனத்துக்குத் தாவினால், அங்கேயும் அதே கட்டணம் காத்திருக்கும். கூடவே ஒப்பந்தத்தை முறித்ததற்கான தொகையும் சேரும்.

நிலையற்ற விலையின் ஆபத்தை 2021 பிப்ரவரி காட்டியது. மாதச் சந்தா மட்டும் பெற்றுக்கொண்டு, மொத்தச் சந்தை விலையை அப்படியே வாடிக்கையாளரிடம் கடத்திய கிரிடி என்ற விற்பனையாளர், சாதாரண நாள்களில் மிக மலிவாக இருந்தது. உறைபனிப் புயலில் மின் நிலையங்கள் முடங்கி, சந்தை விலை அன்றைய உச்சவரம்பான யூனிட்டுக்கு 9 டாலரை எட்டி நாள்கணக்கில் அங்கேயே நின்றபோது, அதன் வாடிக்கையாளர்களுக்கு ஆயிரக்கணக்கான டாலரில் பில் வந்தது. அடுத்த மாதமே நிறுவனம் திவால் மனு கொடுத்தது. இத்தகைய திட்டங்களை வீட்டு நுகர்வோருக்கு விற்பதை அதே ஆண்டில் சட்டமன்றம் தடை செய்தது. எனினும், மாதந்தோறும் விலை மாறும் திட்டங்கள் இன்றும் சட்டப்படி உண்டு. பலர் அதில் தாமாகச் சேர்வதில்லை. பன்னிரண்டு மாத ஒப்பந்தம் முடிந்ததைக் கவனிக்காமல் விட்டுவிடுவதால் அதில் போய் விழுகிறார்கள். முடிவதற்கு முன் விற்பனையாளர் அறிவிப்பு அனுப்பியாக வேண்டும் என்பது விதி. அந்த அறிவிப்பை விளம்பரக் கடிதம் என்று குப்பையில் போடுவதும் வழக்கமாகிவிட்டது. ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய 14 நாள்களுக்குள் மாறினால் முறிப்புத் தொகை கிடையாது. வேறு வீட்டுக்குக் குடிபெயர்ந்தாலும், புது முகவரிக்கான சான்றைக் காட்டினால் அந்தத் தொகையைக் கேட்க முடியாது. இதை அறியாமல் 150 டாலரைக் கட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

வீட்டுவாசலில் வந்து நிற்கும் விற்பனை முகவர்களிடம் எச்சரிக்கை வேண்டும். ‘ஆன்காரிலிருந்து வருகிறோம், உங்கள் பில்லைக் காட்டுங்கள்’ என்று ஒருவர் சொன்னால் அவர் சொல்வது பெரும்பாலும் பொய். விநியோக நிறுவனம் திட்டம் எதையும் விற்பதில்லை. பில்லில் உள்ள நீண்ட இணைப்பு அடையாள எண்ணைக் கொண்டு உங்கள் ஒப்புதலின்றியே விற்பனையாளரை மாற்றிவிட முடியும். அது சட்டவிரோதம், ஆணையத்தில் புகார் செய்யலாம் என்றாலும் அலைச்சல் உங்களுடையது. மனமறிந்து மாறிய பிறகு வருந்தினாலும், விதிமுறை ஆவணம் கைக்கு வந்த மூன்று வேலைநாள்களுக்குள் செலவின்றி விலகிக்கொள்ள உரிமை உண்டு.

கூரையில் சூரியத் தகடு பதிப்பவர்கள் இந்த இரட்டை அமைப்பை மிகக் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். தகட்டைக் கம்பியோடு இணைக்க அனுமதிப்பது விநியோக நிறுவனம். இரு திசையும் அளக்கும் மீட்டருக்கும் அதுவே பொறுப்பு. ஆனால் நீங்கள் வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு விலை கொடுப்பது விற்பனையாளர், அதுவும் அவர் விருப்பப்பட்டால் மட்டுமே. கொடுத்ததையும் எடுத்ததையும் நேருக்கு நேர் கழித்துக்கொள்ளும் கட்டாயம் டெக்சஸின் போட்டிப் பகுதிகளில் எந்த விற்பனையாளருக்கும் இல்லை. சிலர் வாங்கும் விலைக்கே எடுத்துக்கொள்வார்கள், சிலர் மொத்தச் சந்தை விலை மட்டும் தருவார்கள், சிலர் எதுவும் தரமாட்டார்கள். தகடு விற்பவரின் லாபக் கணக்கு இவற்றில் எந்தத் திட்டத்தை வைத்துப் போடப்பட்டது, அந்தத் திட்டம் உங்கள் முகவரிக்கு இப்போது கிடைக்குமா, கையிலிருக்கும் ஒப்பந்தத்தை முறிக்க எவ்வளவு ஆகும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே இருபது, இருபத்தைந்து ஆண்டுக் கடன் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும்.