பெரு விலங்கு வேட்டைத் தோட்டா: கனமான குண்டைத் தேர்வதிலும் நிரப்புவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரைஃபிள் தோட்டாவில் பாய்ந்து செல்லும் பகுதியான குண்டின் எடை பெரும்பாலும் கிரெய்ன் என்னும் அளவில் குறிக்கப்படுகிறது. ஒரு கிரெய்ன் ஏறத்தாழ 0.065 கிராம். இதைக் கிராம் என்று வாசித்துவிடுவதுதான் புதிதாக இத்துறையைப் படிப்பவர்கள் செய்யும் முதல் தவறு. சௌகார்பேட்டை நகைக்கடைகளில் பழைய தலைமுறையினர் சொல்லும் ஒரு தோலா 180 கிரெய்ன். ஆப்பிரிக்காவில் யானைக்கும் காட்டெருமைக்கும் பயன்படும் .458 அங்குல விட்டமுள்ள குண்டு வழக்கமாக 500 கிரெய்ன், அதாவது நான்கு பவுனுக்குச் சற்று மேல்; .375 குண்டின் 300 கிரெய்ன் இரண்டரைப் பவுனுக்குச் சற்றுக் குறைவு. குண்டைச் செலுத்தும் வெடிமருந்தும் இதே அளவில்தான் நிறுக்கப்படுகிறது. தராசைக் கிராமில் வைத்து நிறுத்தால் பித்தளைக் கூடு நிரம்பி வழிந்து தவறு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். பின்வரும் தவறுகள் அவ்வளவு நேர்மையானவை அல்ல.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதும் குற்றம். லேத் பட்டறை கைவசம் இருக்கிறது என்பதற்காக வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ எவரும் முயலத்தக்க காரியம் அல்ல இது. வேட்டையும் கையால் தோட்டா நிரப்புவதும் சட்டப்படி அனுமதிக்கப்படும் தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் குடியேறி அங்கே உரிமம் பெற்ற உறவினருக்கும், காணொளிகளைப் பார்த்துவிட்டு ராயபுரத்துத் தேநீர்க் கடையில் வாதம் செய்பவர்களுக்கும்தான் இக்கட்டுரை பயன்படும்.

அவ்வாதங்களில் அடிக்கடி கேட்பது, குண்டின் ஆற்றல் எவ்வளவு அடி-பவுண்டு என்னும் கேள்வி. வேகத்தின் வர்க்கத்தோடு ஆற்றல் கூடுவதால், இலேசான குண்டை வேகமாகச் செலுத்தினாலே காகிதத்தில் பெரிய எண் கிடைத்துவிடும். ஆனால் காட்டெருமையின் தோள் எலும்பையோ யானையின் தலையில் தேன்கூடு போல் அமைந்த தடித்த எலும்பையோ கடந்து உள்ளுறுப்பை எட்டுவதற்குக் குண்டு சிதையாமலும் திசை மாறாமலும் செல்ல வேண்டும். இதைக் கணிக்க உதவுவது வெட்டுப்பரப்பு அடர்த்தி: கிரெய்ன் எடையை 7,000ஆல் வகுத்துப் பவுண்டாக்கி, அதை அங்குல விட்டத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 300 கிரெய்ன் .375 குண்டுக்கு இது 0.305, 500 கிரெய்ன் .458 குண்டுக்கு 0.341. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டபிள்யூ. டி. எம். பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 7 மி.மீ. ரைஃபிளால் நூற்றுக்கணக்கான யானைகளை வீழ்த்தியதைச் சிறு விட்டமே போதும் என்பதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். அவர் பயன்படுத்தியது முழு உலோக உறையிட்ட நீண்ட குண்டு. அதன் எடை சுமார் 173 கிரெய்ன், வெட்டுப்பரப்பு அடர்த்தி ஏறத்தாழ .375 குண்டினுடையதே. யானையின் தலைக்குள் மூளை எங்கே இருக்கிறது என்பதையும் அவர் நுணுக்கமாகக் கற்றிருந்தார். இவ்விரண்டையும் விட்டுவிட்டு அவருடைய துப்பாக்கியின் விட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வது, என் கருத்தில், இத்துறையின் மிக மோசமான வாதம். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பெரு விலங்குக்கு .375 குறைந்தபட்ச விட்டமாக விதிக்கப்பட்டிருப்பது காரணமின்றி அன்று.

அடுத்த தவறு, பட்டதும் முன்புறம் விரியும் குண்டையும் விரியாத திண்மக் குண்டையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாகப் போடுவது. யானைக்குத் திண்மக் குண்டுதான். அதிலும் உருண்டை மூக்கைவிடத் தட்டை மூக்குள்ளது பொதுவாக நேராகச் செல்கிறது. காட்டெருமைக் கூட்டத்தின் நடுவிலோ திண்மக் குண்டு ஒன்றைத் துளைத்து வெளியேறிப் பின்னால் நிற்பதையும் காயப்படுத்தக்கூடும். ஆகவே முதல் சுட்டுக்கு, விரிந்தாலும் எடையை இழக்காத குண்டையே பலர் விரும்புகின்றனர். ஜான் நோஸ்லர் 1948இல் விற்பனைக்குக் கொண்டுவந்த, நடுவில் தடுப்புச் சுவர் கொண்ட பார்ட்டிஷன் குண்டு, முன்பாதி விரிந்தாலும் பின்பாதி கட்டுக்குலையாமல் நிற்பதற்காகவே உருவானது. மான் வேட்டைக்கென மெல்லிய உறையோடு செய்த குண்டு, எடை ஒன்றாகவே இருந்தாலும், காட்டெருமையின் தோளில் உடைந்து நின்றுவிடும்.

நிரப்பும் மேசையில் நேரும் தவறுகளில் மிகவும் ஆபத்தானது, எடை ஒன்றுதானே என்று ஒரு குண்டுக்கான மருந்தளவை இன்னொரு குண்டுக்குப் பயன்படுத்துவது. செம்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம், ஈயத்தினுடையது 11.34. ஆகவே முழுச் செம்புக் குண்டு, அதே எடையுள்ள ஈயக் குண்டைவிட நீளமானது. தோட்டாவின் மொத்த நீளத்தை, தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசின் கட்டுப்படுத்துவதால், கூடுதல் நீளம் கூட்டுக்குள்தான் இறங்க வேண்டும். மருந்துக்கான இடம் சுருங்கி அழுத்தம் ஏறும். ஈயம்போல் செம்பு எளிதில் நசுங்காததால் குழலின் உட்சுவரில் வெட்டிய புரிவரிகளில் எதிர்ப்பும் கூடுகிறது. குண்டு தயாரிப்பாளர் அந்தக் குண்டுக்கென்றே வெளியிட்ட அட்டவணையின் தொடக்க அளவிலிருந்து சிறிது சிறிதாக ஏறுவதைத் தவிர வேறு வழி கிடையாது. மருந்து மாறிவிடாதபடி மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்துப் புட்டி மட்டுமே இருக்க வேண்டும் என்பதை விளக்கத் தேவையில்லை.

மருந்தை அமுக்கி நிரப்பி வேகத்தைத் துரத்துவதும் பழைய கதைதான். 1956இல் வந்த .458 வின்செஸ்டர் மேக்னத்தின் கூடு குட்டையானது. 500 கிரெய்ன் குண்டுக்குக் கீழே அழுத்தி நிரப்பிய மருந்து நாளாவட்டத்தில் கட்டிதட்டி, எரிய வேண்டியபடி எரியாமல் போனதாகப் புகார்கள் எழுந்தன. இதற்கு நேர்மாறான தொல்லையை வெயில் தருகிறது. தோட்டா சூடானால் அழுத்தம் உயரும். குளிர்காலக் காலையில் எல்லையைத் தொட்டு நிரப்பியது 40 டிகிரியில் எல்லையைத் தாண்டிவிடும். பழைய ஆங்கிலேய நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாக்கள் பெரிய கூட்டில் குறைந்த அழுத்தத்தோடு அமைக்கப்பட்டதற்கு, இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் கார்டைட் மருந்து வெயிலில் காட்டிய குணமே முக்கியக் காரணம். சித்திரை வெயிலில் தண்டையார்பேட்டைத் தகரக் கூரையின் கீழ் வேலை செய்தவர்களுக்கு இதை நம்புவதில் சிரமம் இராது.

இரட்டைக் குழல் ரைஃபிளுக்கு நிரப்புபவர்கள் குண்டின் எடையையோ வேகத்தையோ விருப்பம்போல் மாற்றக் கூடாது. குறிப்பிட்ட ஒரு தோட்டாவுக்கு இரு குழல்களும் ஒரே இடத்தில் சுடும்படி பொருத்தப்பட்டவை அவை. ஒற்றைக் குழல் மேகசின் துப்பாக்கியிலோ, ஒவ்வொரு சுட்டின் உதைப்பும் உள்ளே காத்திருக்கும் தோட்டாக்களை முன்சுவரில் மோதச் செய்கிறது. கூட்டின் வாயைக் குண்டைச் சுற்றியுள்ள பள்ளத்தில் உறுதியாக மடக்காவிட்டால், மூன்றாவது தோட்டாவின் குண்டு உள்ளே இறங்கி அழுத்தத்தைக் கூட்டும், அல்லது தோட்டா குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் ஏறாமல் தடங்கும். மடக்கு சீராக அமையக் கூடுகள் யாவும் ஒரே நீளத்தில் வெட்டப்பட்டிருக்க வேண்டும். காட்டுக்குக் கொண்டுபோகவிருக்கும் தோட்டாக்களை ஒன்றுவிடாமல், சுடுதளத்தில், குழல் பாதுகாப்பான திசையை நோக்கியிருக்க, மேகசினிலிருந்து ஏற்றி இறக்கிப் பார்த்து, சற்றே தடங்குவதையும் தனியாக ஒதுக்கிவிட வேண்டும்.