கயாக்கில் தூண்டில் போடப் போகிறீர்களா? கடையிலும் கரையிலும் செய்யக்கூடாதவை

கயாக் (துடுப்பு போட்டு ஓட்டும் ஒல்லியான குட்டிப் படகு) வாங்கப் போகிறவர் கடையில் முதலில் எண்ணுவது ராடு ஹோல்டரை, அதாவது தூண்டில் கோலைச் சொருகி வைக்கும் குழாயை. நாலு இருந்தால் நல்ல கயாக், ஆறு இருந்தால் அதைவிட நல்ல கயாக் என்று ஒரு கணக்கு. கேட்க வேண்டிய கேள்வியே வேறு: இது கவிழ்ந்தால் என்ன ஆகும்? திரும்ப ஏற முடியுமா? ஏறும்போது எது சட்டையைப் பிடித்து இழுக்கும்? கடையில் பேரம் பேசும்போதும், டிரில்லைக் கையில் எடுக்கும்போதும், நங்கூரக் கயிற்றைக் கட்டும்போதும் இதைக் கேட்டுப் பாருங்கள். கீழே வரும் தவறுகளில் முக்கால்வாசி அப்போதே தெரிந்துவிடும்.

எந்தத் தண்ணீர் என்று முடிவு செய்யாமல் வாங்குவது

சென்னைப் பக்கத்து முட்டுக்காடு கழிமுகம், பழவேற்காடு ஏரி, நீலாங்கரைக் கடல் மூன்றுக்கும் ஒரே கயாக் சரிவராது. முட்டுக்காட்டில் மணல் திட்டுகள், பாலத்துக் கால்களில் ஒட்டிய சிப்பிகள். பழவேற்காட்டில் பல இடங்களில் இடுப்பளவுதான் தண்ணீர், ஆனால் ஏரி பரந்து கிடப்பதால் காற்று கிளம்பினால் ஒதுங்க இடமில்லை. கடலென்றால் முதலில் கரையில் உடையும் அலையைத் தாண்டியாக வேண்டும்.

அகலம் கூடினால் ஆடாது, ஆனால் நகராது. 10 அடி நீளம், 34 அங்குல அகலமுள்ள கயாக்கில் எழுந்து நின்றுகூட லூர் (போலி இரை) வீசலாம். எதிர்காற்றில் 2 கிலோமீட்டர் துடுப்பு போட்டுத் திரும்பும்போதுதான் அதன் மறுபக்கம் தெரியும். கழிமுகத்தில் மட்டும் மீன் பிடிப்பவருக்கு 10 முதல் 11 அடி, 32 முதல் 34 அங்குலம் போதும். கடலுக்கும் போகிறவர் 12 அடிக்குக் குறையாமல், 30 அங்குல அளவில் பார்க்கலாம். இரண்டுக்கும் சேர்த்து ஒன்றே வேண்டுமென்றால் கடலுக்கு ஏற்றதை வாங்குங்கள். அது கழிமுகத்தில் கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான்.

உள்ளே கால் நீட்டி உட்காரும் சிட்-இன் கயாக்கை விலை குறைவென்று மீன் பிடிக்க வாங்குவது பெரிய தவறு. கவிழ்ந்தால் அது தொட்டி மாதிரி நிரம்பிவிடும். நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர், அதாவது நூறு கிலோவுக்கு மேல் எடை. நடுத்தண்ணீரில் தனியாளாக அதை இறைக்க முடியாது. மேலே உட்காரும் சிட்-ஆன்-டாப் வகையில் தளத்தில் விழும் தண்ணீர் ஸ்கப்பர் ஓட்டைகள் வழியாகத் தானே இறங்கிவிடும். நம் கட்டுமரத்தின் சூட்சுமமும் இதேதான்: தண்ணீரைப் பிடித்து வைக்க இடமே இல்லை, மரங்களுக்கு நடுவே வந்த வழியே போய்விடும். மெரினா அலையில் தலைமுறை தலைமுறையாக ஓடிய அமைப்பு அது.

காற்றடைத்த கயாக் வீட்டில் இடம் இல்லாதவர்களுக்கு வசதி. ஆனால் சிப்பி ஒட்டிய பாலத்துக் கால் ஒரு பக்கம், கெளுத்தியின் முள் இன்னொரு பக்கம். பல காற்றறைகளும் தடித்த அடிப்பகுதியும் கொண்டதாக இல்லாவிட்டால் வேண்டாம்.

காலால் மிதித்து ஓட்டும் பெடல் வகைக்கு அடியில் குறைந்தது ஒன்றரை அடித் தண்ணீராவது வேண்டும். முட்டுக்காட்டில் ஓதம் வற்றும் நேரத்தில் பல இடங்களில் அது இருக்காது. வலை, பிளாஸ்டிக் கவர், ஆகாயத் தாமரை எல்லாம் துடுப்புத் தகட்டில்தான் வந்து சுற்றும்.

தாங்கும் எடையை அப்படியே நம்புவது

ஸ்டிக்கரில் 130 கிலோ என்று போட்டிருந்தால் அது மூழ்காமல் மிதக்கும் எல்லை. வசதியாக ஓட்ட அதில் 70 சதவீதம்தான் கணக்கு, அதாவது 91 கிலோ. இப்போது கூட்டிப் பாருங்கள். ஆள் 78. நங்கூரமும் கயிறும் 2. பேட்டரி 2. தூண்டில் சாமான்கள் வைத்த பால் கிரேட் 5. ஐஸ் பெட்டி 6. குடிதண்ணீர் 4 லிட்டர். ராடு, ரீல், ஈரத்துணி, சாப்பாடு எல்லாம் சேர்த்து இன்னொரு 4. மொத்தம் 101. மீன் பிடிக்கும் முன்பே எல்லை தாண்டியாயிற்று. இப்படி ஓவர்லோடு ஏறினால் ஸ்கப்பர் ஓட்டை வழியாகத் தண்ணீர் கீழிருந்து மேலே வரும். உடனே எல்லா ஓட்டையையும் பிளக் போட்டு அடைப்பார்கள். அது அடுத்த தவறு. ஒரு அலை உள்ளே விழுந்தால் வெளியேற வழியில்லாமல் தளம் குளமாகி, பாரம் பக்கத்துக்குப் பக்கம் ஓடும். உட்காரும் இடத்துக்குக் கீழே உள்ள இரண்டை மட்டும் கழிமுகத்தில் அடைக்கலாம். கடலில் எதையும் அடைக்கக்கூடாது.

பழைய கயாக் வாங்கும்போது வெளியே பார்த்து மட்டும் விலை பேசாதீர்கள். விரிசல் பெரும்பாலும் ஸ்கப்பர் குழாயும் அடிப்பகுதியும் சேரும் வளையத்தில் இருக்கும். குழாயில் சொருகும் வகை தள்ளுவண்டியில் முழு பாரத்தோடு இழுத்த கயாக்குகளில் இது சகஜம். இரண்டு ஸ்டூல் மேல் கயாக்கை ஏற்றி, ஹேட்ச் (மேல்தளத்தில் உள்ள மூடி போட்ட திறப்பு) வழியாக 5 லிட்டர் தண்ணீரை உள்ளே ஊற்றி, முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். ஓட்டையைச் சுற்றிக் கீழே ஒரு துளி அரும்பினாலும் வேண்டாம். பாலிஎத்திலீனில் எம்-சீல் ஒட்டாது. பிளாஸ்டிக் வெல்டிங்தான் ஒரே வழி, அதையும் எல்லாரும் ஒழுங்காகச் செய்வதில்லை.

காரின் மேல் கட்ட, பல்சக்கரத்தால் முறுக்கும் ராட்செட் பெல்ட் வேண்டாம், கையால் இழுத்து இறுக்கும் சாதாரண கேம் பக்கிள் பெல்ட் போதும். மே மாத வெயிலில் பிளாஸ்டிக் இளகியிருக்கும்போது ராட்செட்டை முறுக்கினால் அடிப்பகுதி குழிந்துவிடும். முன்னும் பின்னும் தனிக்கயிறு கட்டாமல் ஈசிஆரில் ஓட்டாதீர்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே டிரில் எடுப்பது

முதல் நாலைந்து தடவை எந்த ஓட்டையும் போடாமல் போய் வாருங்கள். எது எங்கே வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். பிறகு கயாக்கைத் தரையில் வைத்து, அதே சீட்டில் உட்கார்ந்து, துடுப்பை இரண்டு பக்கமும் இருபது முறை முழுதாக வீசுங்கள். கை முட்டி எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் எதுவும் வரக்கூடாது. ராடு ஹோல்டர் வைக்க நினைக்கும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, ராடை மாட்டியதுபோல் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை வீசிப் பாருங்கள்.

சீட்டுக்குப் பின்னால் உள்ள ஹோல்டர்கள் பார்க்க அழகு. அதில் இருக்கும் ராடை எடுக்க இடுப்புக்கு மேல் முழுதாகத் திரும்ப வேண்டியிருந்தால் அந்த இடம் தப்பு. பலர் கவிழ்வது மீன் இழுத்து அல்ல, பின்னால் திரும்பி எதையோ எடுக்கப் போய்த்தான். மீனோடு போராடும் ராடு முழங்காலுக்கு முன்னால், கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஓட்டை போடும் முன் ஹேட்ச் வழியாகக் கையை உள்ளே விட்டு, பின்பக்கம் விரல் எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டினால் போல்ட்டு, பெரிய வாஷர், தானே தளராத நைலாக் நட். எட்டாவிட்டால், முறுக்கும்போது உள்ளே உப்பிப் பிடிக்கும் ரப்பர் வெல்நட், அல்லது உள்ளே மூன்று இதழாக விரியும் ரிவெட். மர ஸ்குரூவை நேராக முறுக்கினால் நாலு மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கில் பிடிமானம் இருக்காது. முதல் பெரிய கொடுவா ஹோல்டரோடு ராடையும் கொண்டுபோய்விடும். எம்5 போல்ட்டுக்கு முதலில் 3 மில்லிமீட்டர் பிட், பிறகு 5.5. டிரில்லை ஹேமர் மோடில் வைக்காமல் மெதுவாக ஓட்டுங்கள். பிட்டில் ஒரு சென்டிமீட்டர் தள்ளி டேப் சுற்றிக்கொண்டால் கை வழுக்கினாலும் எதிர்ச்சுவரைத் துளைக்காது. ஸ்கப்பர் குழாய்க்குப் பக்கத்தில் போகவே போகாதீர்கள்.

சிலிக்கான் பூசிவிட்டால் தண்ணீர் வராது என்று நம்புகிறார்கள். சிலிக்கானும் பாலிஎத்திலீனில் சரியாக ஒட்டாது. இடையில் நசுங்கி வாஷர் மாதிரி வேலை செய்தால்தான் பலன். பசை மாதிரி நசுங்கும் பியூட்டைல் டேப் இன்னும் நல்லது. போல்ட்டு 316 கிரேடு ஸ்டெயின்லெஸ். இரும்புக்கடையில் கிடைக்கும் பளபளப்பான சாதாரண போல்ட்டு உப்புக்காற்றில் ஒரு சீசன்கூடத் தாங்காது.

மீன் காட்டும் சோனார் விஷயத்தில் ஒரு வார்த்தை: நாலடித் தண்ணீரில் தூண்டில் போடுபவருக்கு அது தேவையே இல்லை. வைத்தே தீருவேன் என்றால் பேட்டரிக்கு அருகிலேயே பியூஸ் போடுங்கள், பேட்டரியை உள்ளே உருளாமல் கட்டுங்கள்.

நங்கூரத்தைப் பக்கவாட்டில் கட்டுவது

உயிரோடு விளையாடும் தவறு இது. சீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கைப்பிடியில் கயிற்றைக் கட்டுவதுதான் எளிது, எல்லாரும் அங்கேதான் கட்டுகிறார்கள். நீரோட்டம் உடனே கயாக்கைக் குறுக்கே திருப்பும். முழுப்பக்கமும் ஓட்டத்தை வாங்கும். கயிறு அந்த விளிம்பையே கீழே இழுக்கும். தண்ணீர் ஏற ஏற இழுப்பும் கூடும். சில நொடிகளில் கவிழ்ந்துவிடும். கயிறு எப்போதும் முன்முனையிலோ பின்முனையிலோ, மீனவர் பேச்சில் சொன்னால் அணியத்திலோ அமரத்திலோதான் இழுக்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து அந்த முனைக்குக் கை எட்டாதே என்பதற்குத்தான் டிராலி: இழுத்தால் நங்கூரக் கயிற்றை முனைவரை நகர்த்தும் கயிற்றுச் சுற்று.

12 அடிக் கயாக்குக்கு 5 மில்லிமீட்டர் கயிறு 8 மீட்டர், சின்னக் கப்பி இரண்டு, ஒரு ஸ்டெயின்லெஸ் வளையம், ஒரு சாண் பஞ்சீ (எலாஸ்டிக்) கயிறு போதும். கப்பிகளை ஒரே பக்கத்தில் இரு முனைகளுக்கும் பக்கத்தில் பொருத்தி, கயிற்றை அவற்றின் வழியே சுற்றி, இரு நுனிகளையும் வளையத்தில் கட்டுங்கள். நடுவில் பஞ்சீ இருந்தால் கயிறு தொய்யாது. நங்கூரக் கயிறு வளையத்துக்குள் நுழைந்து உங்கள் கைக்கு அருகே கிளீட்டில் (கயிற்றைப் பிடித்து வைக்கும் கொக்கி) வரட்டும். அங்கே முடிச்சு கிடையாது. ஒரே இழுப்பில் விடுபட வேண்டும். கயிற்றின் நுனியில் ஒரு மிதவை இருந்தால் அவசரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய்ப் பிறகு வந்து எடுக்கலாம்.

ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரம் போதும். கயிறு ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு. 2 மீட்டர் ஆழத்தில் 4 மீட்டர் விட்டுவிட்டு 'நங்கூரம் பிடிக்கவில்லை' என்று எடையைக் கூட்டுபவர்கள் உண்டு. எடை பிரச்சினை அல்ல, கயிறு செங்குத்தாக இருப்பதுதான் பிரச்சினை. பாலம், கல் கொட்டிய இடங்களில் கயிற்றை நங்கூரத்தின் அடிக்கண்ணில் கட்டி, தண்டோடு கொண்டுபோய், மேல் கண்ணில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் டையால் பிணையுங்கள். மாட்டிக்கொண்டால் பலமாக இழுக்க டை அறுந்து நங்கூரம் தலைகீழாகக் கழன்று வரும். சேற்றில் நங்கூரமே வேண்டாம், எட்டடி மூங்கில் கழியை ஊன்றிச் சிறு கயிற்றால் அதே வளையத்தில் மாட்டலாம். வலைக்காக மீனவர்கள் நட்டிருக்கும் கம்புகளில் மட்டும் கட்டாதீர்கள். அது அவர்கள் பிழைப்பு.

முகத்துவாரத்தில் ஓதம் வற்றும்போது நங்கூரமே போடக்கூடாது. வெளியே ஓடும் தண்ணீரும் உள்ளே வரும் அலையும் மோதும் இடம் அது.

எல்லாவற்றையும் கட்டி வைப்பது

துடுப்புக்கு ஒரு கயிறு, ஒவ்வொரு ராடுக்கும் ஒன்று, பிளையருக்கு, வலைக்கு, கிரேட்டுக்கு ஒன்று. பொருள் போகாது, சரி. கவிழ்ந்தபின் இத்தனையும் கால்களைச் சுற்றும். துடுப்புக்கும் பயன்படுத்தும் ஒரே ராடுக்கும் போதும். அலையைத் தாண்டும்போது அதுவும் வேண்டாம், ராடுகள் உள்ளே போகட்டும். லைஃப் ஜாக்கெட்டைச் சீட்டில் சாய்த்து வைக்காமல் உடம்பில் போடுங்கள். முதுகு உயரமான சீட்டுக்கு முதுகில் நுரை மேலே மட்டும் இருக்கும் வகை உறுத்தாது. அதிலேயே ஒரு விசிலும், ஒரு கையால் திறக்கும் கத்தியும்.

காற்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஜூன் முதல் செப்டம்பர் வரை காலையில் சென்னைக் கடல் பல நாள் கண்ணாடி மாதிரி இருக்கும். காரணம் மேல்காற்று, மேற்கே நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவது. கரையோரம் காற்றால் அலை எழாது. ஆனால் சும்மா மிதந்தாலே வெளியே தள்ளிக்கொண்டு போகும், போகப் போகக் காற்று கூடும். அமைதியைப் பார்த்து இறங்காமல் கொடி பறக்கும் திசையைப் பாருங்கள்.

எல்லாம் பொருத்திய பிறகு, மீன் பிடிக்கப் போகும் முன், ராடுகளை மட்டும் கரையில் வைத்துவிட்டு, துணைக்கு ஒருவரோடு மார்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்துங்கள். எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து இழுத்துத் திருப்புங்கள். கால்களை நீர்மட்டத்துக்கு உதைத்து, வயிறு சீட்டின் மேல் வரும்வரை ஏறிப் படுங்கள். பிறகு புரண்டு உட்கார்ந்து, கடைசியாகக் கால்களை உள்ளே எடுங்கள். மூன்று முறை செய்தால் எந்த ஹோல்டர் ஜாக்கெட்டில் மாட்டுகிறது, எந்த மவுண்ட் விலாவில் குத்துகிறது என்று தெரிந்துவிடும். அதை அன்றைக்கே கழற்றுங்கள். மிஞ்சும் ஓட்டையை இருபுறமும் ரப்பர் வாஷர் வைத்த குட்டி போல்ட்டால் அடைத்துவிடலாம்.